தவராசா அங்கிளின் வேட்டி ஆற்றோடு போன விபரம்

ரானுயி, ஓக்லாந்து
10.08.1997

மதிப்புக்குரிய நவரத்தினம் மாமாவுக்கு,

மருமகன் யசீகரன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் மாமியும் சுகமாக இருக்க நல்லூரானைக் கும்பிடுகிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். ஆனால் வியாழக்கிழமை லண்டனிலிருந்து போனில் நீங்கள் கத்திய கத்தலிலேயே உங்கள் நுரையீரல் நல்ல நிலையில் இருப்பது தெரிந்துவிட்டது. நாலு நிமிடம் கத்தினீர்கள். அதில் எனக்குக் கிடைத்தது பதினொரு செக்கன். “மாமா, நடந்தது என்னெண்டால்” என்ற அளவுக்குத்தான் என்னால் வர முடிந்தது. ஆகவே எழுத்தில் தருகிறேன். முழுவதும் வாசித்த பிறகு தீர்ப்பு எழுதுங்கள்.

ஆனந்தவல்லி அன்ரி உங்களுக்குப் போன் எடுத்து, “நீங்கள் பேசின மாப்பிள்ளை என்ர மனுசன்ர வேட்டியை ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னாலை உரிஞ்சு ஆத்திலை விட்டவன்” என்று சொன்னதாகச் சொன்னீர்கள். வேட்டி போனது உண்மை. வெள்ளைக்காரன் நின்றது உண்மை. ஆறும் உண்மை. மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அன்ரி சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று: அங்கிள் உயிரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்காக யாரும் லண்டனுக்குப் போன் எடுக்கவில்லை. நான் அங்கிளின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களின் மகள் பிரசாந்தியின் சாதகக் குறிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அன்ரியின் உத்தரவு. இரண்டில் எது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் விபரம்.

மவுண்ட் ரோஸ்கிலில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு என்னை அனுப்பியது நீங்கள்தான், மாமா. “தவராசா என்னோடை தபால் கந்தோரிலை வேலை செய்த ஆள், தங்கமான மனுசன், மகள் லாப்பிலை வேலை, போய்ப் பழகிப் பார்” என்றீர்கள். போனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று தரமும் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டேன். அங்கிள் இளைப்பாறிய போஸ்ற் மாஸ்ரர் என்பதால் கதை முழுக்க முத்திரையும் பார்சலும் எழுபத்திநாலாம் ஆண்டு காணாமல் போன ஒரு பதிவுத் தபாலும்தான். பிரசாந்தி எதிரே இருந்து ஒரு சொல்லும் கதைக்காமல் நான் எத்தனை தரம் மணிக்கூடு பார்க்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணியதை வாசலில் வைத்து எனக்குச் சொல்லவும் செய்தாள். பதினேழு தரமாம். மூன்றாவது ஞாயிறுதான் அங்கிளுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்க நேரம் வந்தது. மனுகாவில் பம்ப் செய்கிற கொம்பனியில் டிசைன் வேலை, படித்தது தண்ணீர் ஓட்டம் என்றேன். மனுசன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப தம்பி, உமக்கு இந்த ஊர் ஆறுகளைத் தெரியுமே?”

“படத்திலை தெரியும், அங்கிள்.”

“வடக்குப் பாத்து ஓடுற ஆறு ஒண்டு வேணும்.”

விசயம் என்னவென்றால், அங்கிளின் அப்பா போன வருடம் மாசி மாதம் வன்னியில் காலமாகிவிட்டார். இடம்பெயர்ந்து போன இடத்தில். செய்தி இங்கே வந்து சேர இருபத்திமூன்று நாள் எடுத்தது. முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்து அங்கிளுக்கு இது முதலாவது ஆடி அமாவாசை. இங்கே எல்லோரும் கடற்கரையில்தான் செய்கிறார்கள், ஆனால் போன வருடம் யாரோ வைத்த பிண்டத்தை ஒரு லப்ரடோர் நாய் வந்து சாப்பிட்டுவிட்டதாம், அதனால் அங்கிளுக்குக் கடல் பிடிக்கவில்லை. காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது, அதுபோல ஓடுகிற ஆற்றில் விட்டால் விசேசம் என்று எங்கோ வாசித்திருக்கிறார். சரி, ஆறு கண்டுபிடிப்பது என்னுடைய வேலை, கண்டுபிடித்தேன். உயரக் கோடு போட்ட படத்தை அவர்களின் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஓக்லாந்திலிருந்து இரண்டரை மணி நேர ஓட்டத்தில், ஓர் அணைக்கட்டுக்கு நாலு கிலோமீற்றர் கீழே, நேர் வடக்கே ஓடுகிற ஓர் அரை மைல் துண்டைக் காட்டினேன். ஆற்றின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அங்கே மீன் பிடிக்கிறவர்கள் தங்கள் இடத்தை வெளியே சொல்வதில்லை, அவர்களில் ஒருவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் பின்னால் வருவார்.

அணைக்குக் கீழே ஆறு என்றால் ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் தேவைப்படும்போது அணையில் தண்ணீரைத் திறப்பார்கள், கீழே ஆறு கிடுகிடுவென்று உயரும். நான் அணைக் கந்தோருக்குப் போன் எடுத்துப் பதிந்து வைத்திருக்கிற தகவலைக் கேட்டேன். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குத் திறப்பு. நாலு கிலோமீற்றர், வினாடிக்கு இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு, எங்கள் இடத்துக்குத் தண்ணீர் வந்து சேர பன்னிரண்டு முப்பத்தைந்து ஆகும். அங்கிள் சொன்னார், வன்னியில் அவருடைய தம்பி காலை ஆறு மணிக்குக் குளத்தில் இறங்குவார், அதே நேரத்தில் தானும் இறங்க வேண்டும் என்று. இலங்கையில் ஆறு மணி என்றால் இங்கே சரியாகப் பன்னிரண்டு. இருபது நிமிட வேலை. பன்னிரண்டு இருபதுக்கு மேலே ஏறிவிடலாம், பதினைந்து நிமிடம் கையிருப்பு. இதை ஒரு தாளில் வரைந்து அவர்களின் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவிட்டும் வந்தேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வது, மாமா?

போன ஞாயிறு போனோம். அங்கிள், அன்ரி, பிரசாந்தி, நான், என்னுடைய பழைய கொரோனா கார். ஐயர் வரவில்லை. அவருக்கு அன்றைக்குக் கடற்கரையில் ஐம்பது பேர், அதனால் மந்திரத்தைக் கசற்றில் பதிந்து கொடுத்துவிட்டார். இடத்துக்கு வந்தபோது பதினொன்றரை. வர்ணிக்க எனக்கு வராது. கலண்டரில் படம் போடுவார்களே, அந்த ஆறு. தண்ணீர் பச்சைக் கண்ணாடி, இரண்டு மீற்றர் ஆழத்தில் கிடக்கிற கல்லை எண்ணலாம், கரையில் இலை கொட்டிய மரங்கள், மேலே பனிப்புகார் இன்னும் முழுதாகக் கலையவில்லை. பார்த்தவுடன் அன்ரியே, “சீ, இவ்வளவு வடிவாயே இருக்கும்” என்றார். தண்ணீர் திடீரென்று உயரும் என்று பெரிய மஞ்சள் பலகையும் நட்டிருக்கிறார்கள். அதை நான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, “அங்கிள், இறங்குவம்” என்றேன். அங்கிள் அசையவில்லை. சட்டைக் கையை மேலே இழுத்தார். ஒரே கையில் இரண்டு மணிக்கூடு.

“இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு, தம்பி.”

“இல்லை அங்கிள், இலங்கையிலை இப்ப ஆறு மணியாகப் போகுது.”

“அது கொழும்பு நேரம். அவங்கள் ஒரு வருசத்திலை ரெண்டு தரம் மாத்தினவங்கள், முதல் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, பிறகு அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்து. வன்னியிலை இப்பவும் பழைய நேரம்தான். என்ர தம்பி இறங்கிறது பழைய நேரத்துக்கு.”

மாமா, உண்மைதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று போன வருடம் நேரத்தை மாற்றியது எனக்கும் தெரியும், வன்னிப் பக்கம் பழைய நேரத்தையே வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். தாளில் போடும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. இது என்னுடைய பிழை, ஒத்துக்கொள்கிறேன், முப்பது நிமிடப் பிழை. ஆனால் அமாவாசைத் திதி அன்றைக்கு இரவு எட்டு மணி வரை இருக்கிறது. எப்போது இறங்கினாலும் அமாவாசைதான். அதைச் சொன்னேன். தண்ணீர் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு வரும் என்றும் சொன்னேன்.

“தம்பி, முப்பத்தெட்டு வருசம் நான் நேரத்துக்குத் தபால் கட்டினனான்” என்றார் அங்கிள். அதோடு கதை முடிந்தது.

அந்த அரை மணித்தியாலத்தில்தான் கிரேமைப் பார்த்தோம். எங்களுக்கு முப்பது மீற்றர் கீழே, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரன், நெஞ்சு வரை ரப்பர் காற்சட்டை, இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். புழு இல்லை, இறகில் கட்டிய பொய் ஈ. வீசுவார், இழுப்பார், வீசுவார், இழுப்பார். கடைசியில் ஒரு மீன் மாட்டியது. வலையில் எடுத்தார், பார்த்தார், திரும்ப ஆற்றில் விட்டுவிட்டார். அன்ரி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“ஐயோ, ஏன் விடுறான்? பிடிச்ச மீனை ஆரும் விடுவினமே?”

“அது விளையாட்டு, அம்மா” என்றாள் பிரசாந்தி. “பிடிக்கிறதுதான் சந்தோசம்.”

“வீட்டிலை மனுசி ஒண்டும் சொல்லாதே? இவ்வளவு நேரம் குளிருக்கை நிண்டுபோட்டு வெறுங்கையோடை போவான், என்ன?” பிறகு விரத நாளில் மீனைப் பற்றிக் கதைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு அங்கிள் இறங்கினார். ஆகஸ்ட் குளிர், அதனால் வேட்டிக்கு உள்ளே கணுக்கால் வரை கம்பளிக் காற்சட்டை போட்டிருந்தார். இதைக் கவனத்தில் வையுங்கள், மாமா, அன்ரி போனில் சொல்லியிருக்க மாட்டார். இடுப்பில் சால்வை. பிரசாந்தி கரையில் ரேப் ரெக்கோடரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கசற் ஐயர் “தண்ணியும் எள்ளும் மூண்டு தரம் விடுங்கோ” என்பார், அங்கிள் விடுவார், ஐயர் “விட்டாச்சே?” என்பார், அங்கிள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி “ஓம் ஐயா” என்று ரேப் ரெக்கோடருக்குப் பதில் சொல்லுவார். நன்றாகத்தான் போனது. இடையில் கசற்றுக்குள் ஐயரின் வீட்டு டெலிபோன் அடித்தது. “பொறுங்கோ, ஆரோ எடுக்கினம்” என்றுவிட்டு ஐயர் போய்விட்டார். ரெக்கோடரை நிப்பாட்டாமல் போயிருக்கிறார். அவர் யாருடனோ சாந்திப் பூசைக்கு எத்தனை தேங்காய் என்று கதைப்பதை மூன்று நிமிடம் அங்கிள் கைகூப்பியபடி கேட்டுக்கொண்டு நின்றார். “பிரசாந்தி, முன்னுக்கு ஓட விடு” என்றேன். “மந்திரத்தை ஆர் ஓட விடுறது?” என்றாள்.

பிறகு ஐயர் வந்து பிண்டத்தை விடச் சொன்னார். அங்கிள் முதல் உருண்டையை விட்டார். அது மிதந்து இரண்டு மீற்றர் போயிருக்கும். அடியில் ஒரு பெரிய கல், அதற்குப் பின்னாலிருந்து ஒரு மீன் எழும்பியது. நல்ல நீட்டு, பக்கத்தில் ரோசாப் பட்டை. அவசரப்படாமல் வந்து, உருண்டையை வாயில் எடுத்து, அங்கிளை ஒரு பார்வை பார்த்தது போல நின்றுவிட்டுத் திரும்பியது. பார்த்தது போல என்று எழுதினேன், மீனின் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் அது எல்லாவற்றையும்தான் பார்க்கும். அங்கிள் அசையாமல் நின்றார். இரண்டாவது உருண்டையை விட்டார். அதையும் எடுத்தது.

“அப்பா” என்றார் அங்கிள்.

அன்ரி கரையில் கும்பிட்டார். கசற் ஐயர் “விட்டாச்சே?” என்றார்.

கிரேம் தூண்டில்காரன், மாமா. அவருக்கு மேலே பெரிய மீன் ஒன்று இரண்டு தரம் எழும்பினால் அவர் என்ன செய்வார்? நடந்து மேலே வந்தார், வீசினார். நூல் எங்களுக்கு முன்னால் அழகாக விழுந்தது, மீன் அந்தப் பொய் ஈயையும் எடுத்தது, தூண்டில் தடி வளைந்தது. அவ்வளவுதான். “அப்பாவை விடு! விடடா அவரை!” என்று கத்திக்கொண்டு, அறுபத்தைந்து வயது மனுசன், நீந்தத் தெரியாதவர், ஆற்றின் நடுவை நோக்கி ஓடினார்.

நான் மணிக்கூடு பார்த்தேன். இதைத்தான் அன்ரி பெரிய குற்றமாகச் சொல்கிறார். பார்க்காமல் எப்படி? பன்னிரண்டு முப்பத்தியேழு. என் கணக்குக்கும் ஆற்றுக்கும் இரண்டே இரண்டு நிமிட வித்தியாசம். கரையில் கிடந்த சருகு நகரத் தொடங்கிவிட்டது, தண்ணீர் கலங்கி அங்கிளின் தொடைக்கு வந்துவிட்டது. பாய்ந்தேன். எட்டிப் பிடிக்கக் கூடிய தூரத்தில் இருந்த ஒரே பொருள் வேட்டி. பிடித்தேன். இழுத்தேன். மாமா, வேட்டி என்பது முடிச்சுப் போடாமல் செருகி நிற்பது, அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும்தான், நனைந்தால் அதுவும் இல்லை. எட்டு முழமும் என் கைக்கு வந்தது, அங்கிள் வரவில்லை. கையிலிருந்ததை விட்டெறிந்தேன், இல்லாவிட்டால் இரண்டாவது பிடி பிடிக்கக் கை இல்லை. இரண்டாவது பிடி சால்வை. சால்வைக்கு முடிச்சு இருந்தது, முடிச்சு தாங்கியது. அதில் பிடித்து அங்கிளைப் பின்பக்கமாக இழுத்துக் கரையில் போட்டேன். பிரசாந்தி அவரின் ஒரு கையைப் பிடித்தாள். இது முழுக்க ஒன்பது செக்கன் இருக்கும். வேட்டி நடு ஆற்றுக்குப் போய், விரிந்து, நிதானமாக வடக்கே போனது.

கிரேம் தடியோடும் வலையோடும் ஓடி வந்தார். வலைக்குள் மீன். கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கியது. மனுசன் சும்மா மீன்பிடிகாரன் இல்லை, சம்பளம் இல்லாத மீன் காவலர், அனுமதிச் சீட்டுப் பார்க்கிறவர். அட்டையைக் கண்டதும் கம்பளிக் காற்சட்டையோடு நடுங்கிக்கொண்டு கிடந்த அங்கிள் எழும்பி நேராக நின்றார். முப்பத்தெட்டு வருட அரசாங்க உத்தியோகம் சும்மா போகுமா? பல் அடிபட அடிபட, தந்தி அடிக்கிற ஆங்கிலத்தில், “ஐயா, உங்கள் வலையில் இருப்பவர் எனது தகப்பனார். தயவுகூர்ந்து உடனடியாக விடுவிக்கவும்” என்றார்.

கிரேம் வலைக்குள் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “இவர் என்ன சொல்கிறார், மேட்?” என்றார்.

என்னைக் கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். இறந்துபோன தகப்பனுக்குச் சோற்று உருண்டை போடுவது எங்கள் வழக்கம், மீன் அதைச் சாப்பிட்டுவிட்டது, அதனால் இவர் மீனைத் தகப்பன் என்று நினைக்கிறார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் சட்டப்படி இதை மீனைக் கூட்டுவதற்காக இரை போட்டதாகவும் எடுக்கலாம், அது குற்றம் என்று கரையில் இருந்த மற்றப் பலகையில் போட்டிருக்கிறது என்றும் சொன்னேன். அன்ரிக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். “எங்களை நீரே காட்டிக் குடுக்கிறீர்!” என்று கத்தினார். அங்கிள் இன்னும் மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். குளிரில் நிற்கிறாரே, இதை முடிக்க வேண்டுமே என்று நான் தமிழில் தெளிவாகச் சொன்னேன்:

“அங்கிள், அது ட்ரவுட். மூண்டரை இறாத்தல் இருக்கும். உங்கட அப்பா இல்லை.”

இதில் ஒரு பிழை காட்டுங்கள் பார்ப்போம்.

கிரேம் பிறகு தொப்பியைக் கழற்றிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் குந்தினார். கொக்கியைக் கழற்றினார், மீனை ஓட்டத்துக்கு முகம் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அது செவுளை இரண்டு மூன்று தரம் அடித்துவிட்டுப் போனது. “போய் வாங்கோ, ஐயா” என்ற மாதிரி ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ சொன்னார். பிறகு தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி அங்கிளுக்குப் போட்டுவிட்டார், குடுவையிலிருந்து ரீ ஊற்றிக் கொடுத்தார், என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த வருடம் சோறு போட முதல் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள், நான் அன்றைக்கு வேறு பக்கம் பார்க்கிறேன், இந்த இடத்தை மட்டும் வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். தன் வீட்டு விலாசத்தை ஒரு துண்டில் எழுதி அங்கிளிடமும் கொடுத்தார். ஆக, சட்டமும் மன்னித்துவிட்டது.

வீடு திரும்பும் இரண்டரை மணித்தியாலமும் அன்ரி காரின் முன் கண்ணாடியோடுதான் கதைத்தார். “மாமனாராய் வரப்போற மனுசனை இப்பிடி ஆரும் நிக்க வைப்பினமே? பிடிக்கிறதெண்டால் கையைப் பிடிக்கிறது. தோளைப் பிடிக்கிறது. வேட்டியையே பிடிக்கிறது?” கை முன்னால் இருந்தது, நான் பின்னால் இருந்தேன் என்றேன். “மணிக்கூடு பாக்க மட்டும் நேரம் இருந்தது” என்றார் கண்ணாடிக்கு. அங்கிள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பிரசாந்தி பின்னால் இருந்து ஒரு தரம் சிரித்துவிட்டு, பிறகு சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அங்கிள் என்னுடைய போனை எடுப்பதும் இல்லை.

இதுதான் நடந்தது. இப்போது என் முடிவு. நேரத்தில் முப்பது நிமிடம் பிழை விட்டேன், அதற்கு மன்னிப்புக் கேட்கலாம். வேட்டிக்குக் கேட்க மாட்டேன். அந்த இழுவை சரி. மீண்டும் அதே ஆறு, அதே மனுசன், அதே வேட்டி என்றால் அதையே இழுப்பேன். உயிரைக் காப்பாற்றினவன் காலில் விழ வேண்டும் என்றால் அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை. பிரசாந்தியின் குறிப்பு இத்துடன் வருகிறது, நீங்களே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இனி எனக்கு யாரையும் பேச வேண்டாம். எனக்கு ஒரு கவலையும் இல்லை. இதை எழுதி முடிக்கிறபோது நன்றாகப் பசிக்கிறது, அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

மாமிக்கு என் வணக்கம், அவருடைய முழங்கால் சுகப்பட வேண்டும். தம்பி கௌசிகனுக்குப் பள்ளிச் சோதனை நன்றாக வர வேண்டும், கணக்கில் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் குறைந்த இரத்த அழுத்தமும் கிடைக்க வேண்டிக்கொண்டு,

உங்கள் மருமகன்,
யசீகரன்

பி.கு. (07.09.1997)

மாமா, மேலே உள்ளது நாலு கிழமையாக என் பையிலேயே கிடந்தது. அதைக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன், ஆனால் ஆற்றில் நடந்ததைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே முடிவு என்று எழுதிய பந்தியை வெட்டிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். குறிப்பு இத்துடன் வரவில்லை. தேட வேண்டாம்.

எழுதி மூன்றாம் நாள் பிரசாந்தி என் வேலையிடத்துக்குப் போன் எடுத்தாள். நான் உடனே இழுவை சரிதான் என்று தொடங்கினேன். “சரி, நீங்கள் சொன்னது சரி. இனி அதை வைச்சு என்ன செய்யப் போறீங்கள்?” என்றாள். பிறகு சொன்னாள்: “அப்பாவுக்கு வேட்டியிலை ஒரு கோவமும் இல்லை. அது அம்மாவின்ர கோவம். அப்பப்பாவின்ர செத்தவீட்டுக்கு அவர் போகேல்லை. முகம் பாக்கேல்லை. இருவத்திமூண்டு நாள் தெரியாமல் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சவர். அண்டைக்கு ஒரு நிமிசம் கண்டவர். அதையும் நீங்கள் நிறுத்துப் பாத்து மூண்டரை இறாத்தல் எண்டு சொல்லிப்போட்டீங்கள்.”

அன்று பின்னேரமே மவுண்ட் ரோஸ்கிலுக்குப் போனேன். அங்கிள் வாசல் அறையில் தனியே இருந்தார். மன்னிப்பை ஒழுங்குபடுத்திக் கொண்டு போயிருந்தேன், வாயில் வந்தது வேறு. “அங்கிள், எனக்கு மீனைப் பற்றித்தான் தெரியும். உங்கட அப்பாவைப் பற்றி ஒண்டும் தெரியாது” என்றேன். பக்கத்துக் கதிரையைக் காட்டி, “இரும், சொல்லுறன்” என்றார். மூன்று மணித்தியாலம் சொன்னார். நான் மணிக்கூடு பார்க்கவில்லை, மூன்று மணித்தியாலம் என்பது பிரசாந்தி சொன்ன கணக்கு. காலில் விழுந்தேனா என்று கேட்பீர்கள். விழுந்தேன். அன்ரி கேட்டதற்காக இல்லை. தை மாதம் மணவறையில் எப்படியும் விழத்தானே வேண்டும். ஓம் மாமா, தை. நாள் வைத்துவிட்டார்கள். அன்ரி இப்போது வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் அங்கிளைக் காப்பாற்றிய கதையைச் சொல்கிறார். அந்தக் கதையில் வேட்டி இல்லை, தண்ணீர் மட்டும் கழுத்து வரை வருகிறது. நான் திருத்துவதில்லை.

இன்னொன்று. எங்களுக்குத் தெரியாமல் அங்கிள் கிரேமுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், பதிவுத் தபாலில், சலவை செய்த கம்பளிச் சட்டையோடு. அந்தக் கல்லுக்குப் பின்னால் நிற்பவர் இனித் தூண்டிலில் வந்தால் முன்போல அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டு. நேற்று ஒரு தபாலட்டை வந்தது. அங்கிள் அதை எனக்கு நீட்டிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி சமையலை விட்டுக் குசினி வாசலுக்கு வந்துவிட்டார். பிரசாந்தி வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தாள்.

கிரேம் இப்படி எழுதியிருந்தார்: “ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பாவைக் கண்டேன். அதே இடம்தான். உடம்பு கொஞ்சம் வைத்திருக்கிறது. நான் தொந்தரவு செய்யவில்லை.”

“என்ன தம்பி, உம்மட அபிப்பிராயம்?” என்றார் அங்கிள்.

“நாலு இறாத்தல் வந்திருப்பார், அங்கிள்” என்றேன்.